தோமாஸ் பெயரில் ஒரு பூசை

என் வேனில் பின்வரிசை இடது ஓரத்து இருக்கையில் மழை ஒழுகும். ஜன்னல் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்த காலம் அது. பண்டார் தெங்காரா ஊரில் முதல் ஆளாக ஏறுகிறவர் ரேமண்ட். வேன் முழுக்கக் காலியாக இருக்கும், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அவர் நேராகப் போய் அந்த ஓரத்தில்தான் உட்காருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "இங்கதான் காத்து நல்லா வருது அண்ணே" என்றார். அவர் காய்ச்சலில் லீவு போட்ட ஒரு நாள் ஸ்டோரில் வேலை பார்க்கும் லெட்சுமணன் அங்கே போய் உட்கார்ந்தார். "என்னண்ணே, வேனுக்குள்ளயே குளிக்க வெச்சிட்டீங்க!" என்று அவர் கத்தினபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. அவ்வளவு மழைக்காலமும் ரேமண்ட் ஒரு பக்கத் தோள் நனைந்துதான் செனாய் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். மற்றவர் யாரும் நனையக் கூடாதென்று முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்தவர், அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன் டிரைவர். மரியநாதன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் மாதா கோவிலில் உபதேசியாருக்குக் கூடமாட உதவி செய்வேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். செபப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் நான் முழுதாகப் படித்ததில்லை. ஆனால் ஒரு ஜப்பான்காரர் எழுதிய படக்கதை எனக்குப் பாதிக்குமேல் தெரியும். அது ரேமண்டால் வந்தது.

ரேமண்டுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை வீட்டில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். கையில் எப்போதும் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அதன் அட்டையைக் காலண்டர் தாளால் மூடியிருப்பார். ஏதோ பக்திப் புத்தகம் என்றுதான் நான் நினைத்தேன். அதை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது என்ன புது மாதிரி செபம் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

ஒருநாள் கூலாய் தாண்டியதும் விபத்து ஒன்றால் பெரிய நெரிசல். வேன் நகரவே இல்லை. பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் பேட்ரிசியா அக்கா திரும்பிப் பார்த்து, "தம்பி, அப்படி என்னதான் சிரிச்சுக்கிட்டே படிக்கிறீங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றார்.

ரேமண்டுக்கு முகமெல்லாம் சிவந்துபோனது. திருடும்போது பிடிபட்டவர்போலப் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா. சின்னப் பிள்ளைங்க படிக்கிறது."

"நாங்க மட்டும் என்ன பெரிய பண்டிதரா? சும்மா சொல்லுங்க லா."

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்தக் கதையின் பெயர் 'மலை மணி'. ரேமண்ட் பதின்மூன்று வயதில் மலாய்ப் பதிப்பில் படிக்கத் தொடங்கியது. ஜப்பான் படக்கதையைப் பின்பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டுமாம். ஷின் என்று ஓர் அனாதைப் பையன். பூகம்பத்தில் அழிந்துபோன தன் ஊரின் கோவில் மணியை, தெரிந்தவர் தெரியாதவர் என்று சில பேரைச் சேர்த்துக்கொண்டு, கம்பில் கட்டித் தோளில் சுமந்து, பனிமலை உச்சியில் இருக்கும் கோவிலுக்குக் கொண்டுபோகிறான். வழியில் எதிரிகள், பள்ளங்கள், பசி. பின்கம்பைத் தூக்குகிறவன் தோகுசோ. தடியன், சாப்பாட்டுப் பிரியன், எல்லாரும் கிண்டல் செய்கிற ஆள். வேனில் எல்லாருக்கும் பிடித்தவன் அவன்தான்.

ரேமண்ட் கதை சொல்லும்போது வேறு ஆளாகிவிடுவார். பனி விழுகிறது என்றால் என் வேனில் ஏர்கோன் குளிர் கூடினமாதிரி இருக்கும். புதுப் புத்தகம் வந்தால் அந்த வாரம் முழுக்க வேனில் யாரும் தூங்க மாட்டார்கள். அட்டையை மூடியிருந்த காலண்டர் தாளும் ஒருநாள் காணாமல்போனது.

ஆனால் நீளமான கதை. போகப் போக வழி தவறியது. மணியை விட்டுவிட்டுப் புத்தகம் புத்தகமாகச் சண்டைப் போட்டி ஒன்று நடந்தது. எழுதினவருக்கு உடம்பு முடியவில்லை என்று மாதக்கணக்கில் நின்றது. திரும்ப ஆரம்பித்தபோது மலைக்குப் பதிலாக எல்லாரும் கப்பலில் இருந்தார்கள்.

"மலைக்குப் போறவன் ஏன் தம்பி கப்பல் ஏறினான்?" என்று லெட்சுமணன் கேட்பார். "எம் மக பொறந்தப்ப மணியத் தூக்கினானுங்க. இப்ப அவ யூனிவர்சிட்டி போறா. இன்னும் பாதி மலைதானா?"

"பொறுங்கண்ணே. ஆளு எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருப்பாரு."

"நீங்க அவரு வக்கீலா?"

வேன் சிரிக்கும். ரேமண்டும் சிரிப்பார், ஆனால் காது மடல் சிவந்துவிடும். சொந்தத் தம்பி குடித்துவிட்டுக் கல்யாண வீட்டில் உளறும்போது அண்ணன்காரன் ஒரு சிரிப்புச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

பேட்ரிசியா அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே பையன், டெரிக். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிற பிள்ளைகளில் ஒருவன். ஒருநாள் வழியில் லாரி மோதி இறந்துபோனான். அக்கா அடக்கத்துக்கு நின்றதோடு சரி. அதற்குப் பிறகு கல்லறைப் பக்கம் போகவில்லை. எங்கள் கோவிலில் நவம்பர் மாதம் முழுக்க மரித்தோர் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை நடக்கும். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பூசைக்கு முன்னால் உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொரு வருஷமும் அக்காவிடம் நான் உறையை நீட்டுவேன். ஒவ்வொரு வருஷமும் அவர் கையை இழுத்துக்கொள்வார். "எம் பையன் பேர அந்தக் கூட்டத்துல சேத்து வாசிக்காதீங்க மரியநாதன். வாசிச்சா அவ்வளவுதான்னு ஆயிடும்" என்பார். நான் வற்புறுத்தியதில்லை. அவருக்காகச் செபமாலையில் ஒரு மணி கூடுதலாகச் சொல்லிக்கொள்வேன்.

பிறகு தோகுசோ செத்துப்போனான்.

அதை ரேமண்ட் சொன்ன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கயிற்றுப் பாலம். மணி பாலத்தின் நடுவில். கயிறு நைந்துகொண்டு வருகிறது. தோகுசோ கயிற்றின் முனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, மற்றவர்கள் மணியோடு கரையேறும்வரை பிடித்து நிற்கிறான். கடைசி ஆள் ஏறியதும் தோகுசோ நின்ற பாறை பெயர்ந்து அவனோடு போய்விடுகிறது. ஷின் அங்கேயே உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சாப்பிடவில்லை, பேசவில்லை. பிறகு ஒரு காலையில் எழுந்து தோகுசோவின் பின்கம்பையும் தன் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறான்.

"ரெண்டு ஆளு பாரத்த ஒருத்தனே தூக்கிக்கிட்டுப் போறான்க்கா. திரும்பிப் பாக்கல. ஆனா கம்ப விடல" என்று ரேமண்ட் முடித்தார்.

பேட்ரிசியா அக்கா முந்தானை இல்லாத பேக்டரிச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டெரிக்கின் அடக்கத்தில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அது அக்டோபர் கடைசி. நவம்பர் முதல் ஞாயிறு உபதேசியார் பெயர்களை வாசித்தார். ரேமண்டின் அப்பா பெயர், அம்மா பெயர், அடுத்து "தோமாஸ்" என்று வந்தது. ரேமண்ட் வீட்டில் தோமாஸ் என்று யாரும் இறந்ததாக எனக்குத் தெரியாது. மறுநாள் வேனில் பேட்ரிசியா அக்காவே கேட்டுவிட்டார்.

"தம்பி, உங்க வீட்டுல தோமாஸ் யாரு?"

ரேமண்ட் ஜன்னல் பக்கம் திரும்பினார். பொய் சொல்லத் தெரியாதவர் தப்பிக்க வழி தேடுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கூட்டாளி ஒருத்தன்க்கா."

"எந்தக் கூட்டாளி?"

"தோகுசோ." மெதுவாகத்தான் சொன்னார். "அப்படியே எழுதினா உபதேசியார் வாசிக்க மாட்டாருன்னு தோமாஸ்னு எழுதிட்டேன்."

லெட்சுமணன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அலமாக்! பொம்மைக்குப் பூசை வெச்ச மொத ஆளு நீங்கதான் தம்பி!" வேன் மொத்தமும் சேர்ந்துகொண்டது. எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். இல்லாத ஆளுக்குப் பூசை வைப்பது பாவமா என்று வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். உலகத்தில் கேட்பாரில்லாமல் செத்த தோமாஸ் எத்தனையோ பேர். ஆண்டவர் அதில் ஒருவருக்குக் கொடுத்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் என் கையைப் பிடித்து ஓர் உறையை வைத்தார். உள்ளே ஒரே ஒரு பெயர்.

"கதைல வந்தவனுக்கே அவரு வேண்டிக்கிறாரு மரியநாதன். நான் பெத்தவனுக்கு நான் செய்யல பாருங்க" என்றார்.

உபதேசியார் "டெரிக்" என்று வாசித்தபோது அக்கா தலை குனியவில்லை. நிமிர்ந்து கேட்டார். அந்த மாதமே கல்லறைக்குப் போய்ப் புல்லைச் செதுக்கினார் என்று கேள்விப்பட்டேன். வேனில் பழையபடி வம்பு பேச ஆரம்பித்தார். ரேமண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சமைத்த கோழிக் கறியில் ஒரு டப்பா வந்துவிடும்.

மூன்று வருஷம் நல்லபடி போனது. அப்புறம் ரேமண்ட் கதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

கேட்டால், "புத்தகம் வரலக்கா. அவருக்கு உடம்பு சரியில்லையாம்" என்பார். அவர் கையில் புத்தகமும் இல்லை. எங்களுக்கு அது பழகின விஷயம்தானே, நம்பினோம்.

அந்த வருஷம் செப்டம்பரில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஜோஆன் என்று ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, வாய் ஓயாது. லெட்சுமணன் அவளிடம், "இந்த அங்கிள் பெரிய கதைசொல்லி, தெரியுமா? மலை மணி" என்று பெருமையடித்தார்.

"யாஹா? நானும் போன்ல படிக்கிறேன் அங்கிள்!" என்று துள்ளினாள் ஜோஆன். "தோகுசோ திரும்பி வந்தது உங்களுக்குப் பிடிச்சிச்சா? எனக்குச் சுத்தமா பிடிக்கல லா. செத்தவன எப்படித் திரும்பக் கொண்டாரது? ஆத்துல விழுந்தானாம், மீன் பிடிக்கிறவங்க காப்பாத்துனாங்களாம், எல்லாம் மறந்துபோச்சாம். மாசக்கணக்கா எல்லாரும் இன்டர்நெட்ல திட்டிக்கிட்டு இருக்காங்க."

"என்னது, வந்துட்டானா?" லெட்சுமணன் பின்னால் திரும்பினார். "உங்க சாமிக்கு மூணு நாள் போதும் தம்பி, இவனுக்கு மூணு வருஷமா?"

நான் கண்ணாடியில் லெட்சுமணனைப் பார்த்து முறைத்தேன். வாயை மூடிக்கொண்டார். ரேமண்ட் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கின பிறகு அக்கா படியில் நின்று, பின்னால் வந்த ரேமண்டிடம் சொன்னார். கோபமில்லாத குரல். அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

"உங்க தோமாஸ் வந்துட்டான்ல. எம் பையன மட்டும் அந்தச் செத்தவங்க கூட்டத்துல சேக்க வெச்சிட்டீங்க."

ரேமண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அதற்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்கா முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோழிக் கறி நின்றது. அக்டோபரில் நான் உறைகளைக் கொடுத்துக்கொண்டு வந்தபோது, பழையபடி கையை இழுத்துக்கொண்டார். "டெரிக் பேரு இந்த வருஷம் வேண்டாம்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கல்லறையில் அந்தப் பிள்ளையின் இடத்தில் மறுபடி புல் ஏறியிருந்ததைப் போய்ப் பார்த்து நானே செதுக்கிவிட்டு வந்தேன்.

இதை ரேமண்டிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டு, பண்டார் தெங்காராவில் அவர் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திச் சொன்னேன். அவர் இறங்கவில்லை.

"அந்தப் புத்தகம் வந்த அன்னிக்கே படிச்சிட்டேன் அண்ணே" என்றார். "கடைலயே நின்னு படிச்சேன். அக்காகிட்ட எப்படிச் சொல்றது? அதான் பொய் சொன்னேன். பொறுங்க பொறுங்கன்னு நான்தானே எல்லாருக்கும் சொன்னேன். நல்ல கதைன்னு நம்பி நான்தானே கூட்டிக்கிட்டு வந்தேன்."

"நீங்களா எழுதினீங்க? ஜப்பான்ல யாரோ எழுதினதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"அவருக்கு அக்காவத் தெரியாதுல்ல. எனக்குத் தெரியும்ல."

அந்த வாரம் அவர் உபதேசியாரிடம் போய், தோமாஸ் விஷயத்தை ஒப்புக்கொண்டார். நான் கூடவே நின்றேன். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உசுரோட இருக்கிறவனுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வெச்சிருக்கோம். இப்ப என்ன தம்பி செய்யணும், நன்றிப் பூசை வைக்கணுமா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ரேமண்டின் கண்ணில் தண்ணீர் வந்ததும் பதறிப்போய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ரேமண்ட் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நான் வெளியே மாதா சிலை இருக்கும் கெபியருகில் காத்திருந்தேன். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

திங்கட்கிழமை காலை எல்லாரும் ஏறி, வேன் கூலாயைத் தாண்டியது. ரேமண்ட் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, பேட்ரிசியா அக்காவுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் விட்ட கதையச் சொல்லிடுறேன்" என்றார்.

அக்கா திரும்பவில்லை. அவர் சொன்னார். ஜோஆன் சொன்ன அதே கதை. ஆனால் அவர் சொன்னவிதம், பழைய காலம்போல இல்லை. குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிறவர்போலச் சொன்னார். தோகுசோ ஆற்றில் விழுந்தது, மீனவர்கள் எடுத்தது, நினைவு தப்பியது, ஒரு சண்டையில் எதிரி ஷின்னை வெட்டவரும்போது எங்கிருந்தோ வந்து தடுத்தது.

"எல்லாரும் கட்டிப் பிடிச்சிக்கிறாங்க. உடனே அடுத்த சண்டை. அவ்வளவுதான்க்கா. மோசமா இருக்கு. சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா மறைச்சதுதான் அதவிட மோசம்."

வேன் கொஞ்ச தூரம் போனது. பிறகு அக்கா, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவனுக்கு அம்மா இருக்காளா?"

"யாருக்குக்கா?"

"தோகுசோவுக்கு. நீங்க முன்னாடி சொன்னீங்களே, கீழ ஊர்ல சோறு கட்டிக் குடுத்து அனுப்பினா ஒரு அம்மா."

"ஆமாக்கா. ஆரம்பத்துல வருவாங்க."

"அவ பாத்தாளா? திரும்பி வந்த பையன?"

ரேமண்ட் யோசித்தார். ஜோஆன் அவசரமாகப் போனை எடுத்துத் தேடினாள்.

"இல்லக்கா" என்றார் ரேமண்ட். "அம்மாவக் காட்டவே இல்ல."

"ஒரு படம்கூட?"

"இல்ல ஆன்ட்டி" என்றாள் ஜோஆன். "ஒரு படம்கூட இல்ல."

அக்கா முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் ரேமண்டின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மனுஷன் தம்பி இத எழுதினவன்? செத்த பிள்ளையத் திரும்பக் கொண்டாந்துட்டு, பெத்தவகிட்டக் காட்டாம சண்டைக்கு அனுப்புறானா? வந்தவன் மொதல்ல எங்க போவான்? வீட்டுக்குத்தானே போவான்? வாசல்ல நின்னு அம்மான்னுதானே கூப்பிடுவான்?" அவர் குரல் உடைந்தது. "அப்ப அவன் வரல. இந்த ஆளுக்கு வியாபாரம் ஆகணும், யாரையோ அவன் மாதிரி வரைஞ்சு விட்டிருக்கான். தோகுசோ பாலத்துலயே போயிட்டான். நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி."

"சாரிக்கா" என்றார் ரேமண்ட்.

"நீங்க ஏன் சாரி சொல்றீங்க? அவன் சொல்லணும். அவன் அம்மாவக் காட்டினா மட்டும் எனக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

நவம்பர் முதல் ஞாயிறு உபதேசியார் டெரிக்கின் பெயரை வாசித்தார். உறையை அக்காவே கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருந்தார்.

ஆனால் ரேமண்டின் வெட்கம் போகவில்லை. அக்கா அனுப்பின கறி டப்பாவை இரண்டு கையாலும் வாங்குவார், நிமிர்ந்து பார்க்கமாட்டார். மறுபடி கதை சொல்லச் சொல்லி ஜோஆன் எவ்வளவோ கேட்டாள். "நீ சொல்லும்மா, நான் கேக்குறேன்" என்று நழுவிவிடுவார். படிப்பதை மட்டும் அவர் விடவில்லை என்று எனக்குத் தெரியும். சட்டைப் பைக்குள் மடித்துவைத்த புத்தகம் துருத்திக்கொண்டு நிற்கும். அட்டைக்குக் காலண்டர் தாள் மறுபடி வந்திருந்தது. ஒருநாள் நான், "அதான் கெட்டுப்போச்சே, இன்னும் ஏன் படிக்கிறீங்க?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினார்.

அடுத்த வருஷம் தொழிற்சாலையில் அவர் இருந்த பிரிவை மூடினார்கள். யோங் பெங் பக்கம் ஓர் இடத்தில் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துப் போனார். கடைசி நாள் சாயங்காலம் மற்றவர்களெல்லாம் வழியில் இறங்கிவிட்டார்கள். பேட்ரிசியா அக்கா இறங்கும்போது ரேமண்டின் தலையில் கை வைத்துச் சிலுவை போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தினேன். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கினார். கதவைச் சாத்தப்போனவர், மறுபடி திறந்து தலையை உள்ளே நீட்டினார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

"அண்ணே, நேத்துப் புதுப் புத்தகம் வந்துச்சு. இந்தத் தடவையும் தோகுசோவோட அம்மாவக் காட்டல. அக்கா கேட்டா நீங்களே சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல வெக்கமா இருக்கு" என்றார்.